ராகலை மலையில் கட்டிய கப்பல்

எங்கள் நால்வரில் கடலைப் பார்த்திருந்தவன் தையற்காரன் மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு முறை, சின்ன வயதில், கொழும்பில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது. அந்த ஒரு பார்வையை முதலாக வைத்துக்கொண்டு, கப்பலுக்கு மூக்கு எப்படி இருக்கும், நங்கூரம் எந்தப் பக்கம் தொங்கும், புகைபோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கும் என்றெல்லாம் எங்களுக்குப் பாடம் நடத்தினான். மறுத்துப் பேச எங்களிடம் எதுவும் இல்லை. ராகலைக்கு மேலே, மேகம் முட்டுகிற உயரத்தில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால் மலைதான் தெரியும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. ஸ்டோரில் சல்லடை மெஷினில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வேலை முடிந்து வரும்போது தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாவற்றிலும் தேயிலைத் தூள் படிந்திருக்கும். டவுனுக்குப் போகும் நாளில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் மூக்கைச் சுளிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே போவேன். மற்றவர்களுக்கு ஒரு பங்கு வெட்கம் என்றால் எனக்கு அது இரண்டு பங்காகக் கிடைத்திருந்தது.

அதே ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிப்பவன் என் நண்பன். முன்கோபக்காரன். ஆனால் அவன் அடித்த ஆணி வளைந்து நான் பார்த்ததில்லை. தையற்காரன் கடைவீதியில் தன் வாப்பாவின் தையல் கடையில் இருந்தான். நான்காமவன் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்தைச் சேர்ந்தவன். ஸ்டோருக்கு விறகு ஏற்றி வரும் மாட்டுவண்டி அவனுடையது. அவன் தமிழைப் பாதி விழுங்கிப் பேசுவான், நாங்கள் சிங்களத்தைப் பாதி விழுங்கிப் பேசுவோம். 'மச்சான்' என்ற சொல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்ததால் எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே இல்லாமல் போயிற்று.

சித்திரை வந்தால் நுவரெலியாவில் சீசன். கொழும்பின் வெக்கையிலிருந்து தப்பி வருகிற பணக்காரர்களின் கார்கள் மலைப்பாதையில் ஊர்ந்து ஏறும். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கடைசியில் ஜோடித்த லொறிகளின் ஊர்வலம். சுற்றுப்பட்ட தோட்டங்களும் லொறி அனுப்பும். எங்கள் தோட்டத்து லொறி வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் போகும்: நடுவில் ஒரு தேயிலைச் செடி, பக்கத்தில் கூடை மாட்டிய ஒரு பெண். அந்த வருஷம் தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரைக்கு அது அலுத்துவிட்டது போலும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் என்னையும் பெட்டிக்காரனையும் கூப்பிட்டு, லொறியும் அதை மூடுகிற படங்கும் தருகிறேன், உங்கள் இஷ்டப்படி ஏதாவது புதிதாகச் செய்யுங்கள் என்றார்.

கப்பல் என்று சொன்னவன் நான். அதை யார் மேலும் போட முடியாது. தையல் கடைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் கறுப்பும் சிவப்புமாக ஒரு நீராவிக் கப்பல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று கேட்டேன்.

"நம்ம தேயில எதுல மச்சான் சீமைக்குப் போகுது?"

"கப்பல்லதான்," என்றான் தையற்காரன்.

"அப்ப நம்ம ஒரு கப்பல் செய்வோம். மேல பூரா தேயிலப் பெட்டிய அடுக்குவோம். நம்ம பறிச்ச கொழுந்து ஒலகத்தையே சுத்திப் போகுதுன்னு காட்டுவோம்."

பெட்டிக்காரன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். அவன் அப்படி எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் குறைவு. அந்த மாதத்தில் எங்கள் மலையில் காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். பிற்பகலில் ஒரு பாட்டம் மழை பெய்து ஓயும். பிறகு வெயில் திரும்பவும் வந்து, ஈரத் தேயிலை மேல் சாய்வாக விழும். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு திசையிலிருந்து உரக் கொட்டிலில் கூடுவோம். கிராமத்துக்காரன் தன் அப்பாவின் மூங்கில் புதரிலிருந்து வெட்டி வண்டி நிறையக் கொண்டுவந்தான். பெட்டிக்காரன் அவற்றைப் பிளந்து, வளைத்து, கப்பலின் விலா எலும்புகளாக நிறுத்தினான். அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் சுண்ணாம்பும் நீலமும். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாளில் கிழிந்ததும் ஒதுக்கியதுமாகச் சேர்த்து வைத்திருந்தோம். அதை ஜன்னல் வட்டங்களுக்கும் கைப்பிடிக் கம்பிகளுக்கும் சுற்றியபோது, கொட்டிலுக்குள் வந்த கொஞ்ச வெளிச்சத்திலேயே கப்பல் மின்னியது. புகைபோக்கி ஒரு தார்ப் பீப்பாய். அதன் அடியில் தணல் சட்டி வைத்து, பச்சை யூக்கலிப்டஸ் இலையைப் போட்டால் வெள்ளையாகப் புகை கிளம்பும். முதல் முறை புகைத்துப் பார்த்த அன்று நாங்கள் நால்வரும் கண்ணீரும் இருமலுமாக வெளியே ஓடிவந்து புல்லில் விழுந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை நிறுத்திவிட்டு ஆற்றுக்குப் போவோம். தண்ணீர் எலும்பைக் கடிக்கும். முதலில் குதிப்பவனுக்குத்தான் பெரிய உருளைக்கிழங்கு என்று பந்தயம். கிராமத்துக்காரன் தன் வீட்டுத் தோட்டத்தில் தோண்டிய கிழங்கைக் கரையிலேயே சுட்டு, அக்கா அரைத்துக் கொடுத்த கட்டச் சம்பலோடு தின்போம். பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்று தையற்காரனைக் கேட்போம். ஒவ்வொரு ஞாயிறும் அவனுடைய அலை ஒரு சாண் வளர்ந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, ஒரே காம்பரா. அவள், அத்தான், இரண்டு பிள்ளைகள், நான். அவள் கொழுந்து பறிக்கிறவள். அத்தான் தேயிலைச் செடியின் தலையை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிறவர். கப்பல் வேலையில் அவளுக்கு எங்களை விட ஆசை. மலையிலிருந்து வந்ததும் வராததுமாக, கலர்த்தாளை வெட்டிக் கொடி செய்ய உட்கார்ந்துவிடுவாள். எங்கள் லயத்தில் ஒட்டுப் பசைக்காகக் கோதுமை மாவு கிண்டாத அடுப்பு அந்த நாட்களில் இல்லை.

அதே வருஷம் மாசி மாதத்தில்தான் எங்கள் பிரஜாவுரிமை மனு தள்ளுபடி ஆகியிருந்தது. அக்காவும் நானும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். எங்கள் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் அதை நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஓட்டுரிமை ஏற்கனவே போயிருந்தது. எங்கள் சனங்களை எல்லாம் இந்தியாவுக்கே அனுப்பிவிடப் போகிறார்களாம் என்ற பேச்சு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் பெரட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால், லயத்துக்கு வந்து சேரும் பழைய பத்திரிகையை எல்லோருக்கும் உரக்க வாசித்துச் சொன்னது நான்தான். அப்படி வாசித்தவனுக்கு, எங்கள் கையாலேயே ஒரு கப்பலைக் கட்டி டவுன் நடுவில் ஓட்டுகிறோமே, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மனதில் இருந்தது தேயிலை மட்டும்தான்.

ஊர்வலத்தன்று காலை லொறியில் கப்பலை ஏற்றிப் பூட்டினோம். சக்கரம் மறைய, தையற்காரன் தைத்த நீலத்துணி அலை அலையாகத் தொங்கியது. இனிப் பெட்டிகளை அடுக்க வேண்டியதுதான். பெட்டிக்காரன் ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்க உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"பெட்டி ஒன்னும் கெடையாதாம். கொழும்புக்கு அவசரமா சரக்கு போகுதாம், இருக்கிற பெட்டி அத்தனையும் அதுக்கு வேணுமாம். டீமேக்கர் ஐயா சொல்லிட்டாரு."

"ஒடஞ்ச பெட்டியாவது?"

"அதையுந்தான் நேத்தே அடுப்புக்குப் போட்டுட்டாங்களே. பெட்டி இல்லாம இது என்னா மச்சான் கப்பலு? வெறும் தொட்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசனை சொன்னவன் நான்தானே. அப்போது பஸ்ஸுக்காக நின்றிருந்த லயத்துப் பெண்கள் கண்ணில் பட்டார்கள். அக்கா, அவள் பிள்ளைகள், அவளோடு கொழுந்து பறிக்கிற தோழிகள், அவர்களுடைய பிள்ளைகள். சீசன் பார்க்கப் போவதற்காக வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த சேலைகளை உடுத்தியிருந்தார்கள். நுவரெலியாக் குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி, பிள்ளைகளுக்கு ரொட்டி, எல்லாவற்றையும் துணியில் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்திருந்தார்கள்.

"பெட்டி இல்லேன்னா என்ன? இவங்கள ஏத்திக்குவோம். கொழுந்து பறிக்கிறவங்களே கப்பல்ல நின்னா நல்லாத்தானே இருக்கும்," என்றேன்.

பிள்ளைகள் ஓவென்று கத்தின. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினாள். "நாங்கல்லாமா? துரைமார் பாப்பாங்களே," என்றாள். ஏறியதும் முன்வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டைகளைக் கப்பல் தட்டின் ஓரத்தில் குவித்தார்கள். நாங்கள் நால்வரும் கடைசியில் ஏறினோம்.

கந்தப்பொலையைத் தாண்டும்போது ஒரு கிளை புகைபோக்கியைத் தட்டிவிட்டது. இறங்கி மறுபடி பூட்டினோம். வழி நெடுக மலையில் நின்றவர்கள் கொழுந்துக் கூடையோடு கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். நுவரெலியாவுக்குள் நுழைந்தபோது எங்களுக்கு முன்னால் பூவால் செய்த ஒரு யானை, பின்னால் பேண்டு வாத்தியக்காரர்கள். தெருவின் இரண்டு பக்கமும் தொப்பிகளும் குடைகளும் பலூன்களுமாகக் கூட்டம். நான் தணல் சட்டியில் இலையைப் போட்டேன். வெள்ளைப் புகை எழும்பியது. கூட்டத்திலிருந்து கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

ஒரு ஹோட்டலின் மதில் மேல் சில வாலிபர்கள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தொப்பியில் பூ செருகிய ஒருவன் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"மே நெவேத யன்னே?"

இந்தக் கப்பலிலா போகிறீர்கள் என்று கேட்டான். ஒரு கணம் எனக்கு அது வெறும் கேள்வியாகத்தான் பட்டது. அவனைச் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததும்தான் எங்கள் கப்பலை அவன் கண்ணால் பார்த்தேன். தேயிலை எங்கே? ஒரு பெட்டி கூட இல்லை. தோட்டத்துச் சனங்கள், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள், காலடியில் துணி மூட்டைகள். புகைவிட்டுக்கொண்டு புறப்படுகிற ஒரு கப்பல்.

சிரிப்பு தெருவின் ஓரமாகவே எங்களோடு நடந்து வந்தது. "கிஹிங் என்ன!" என்று ஒருவர் கத்த, பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். போய் வாருங்கள் என்று அர்த்தம். கைக்குட்டைகள் ஆடின. அவர்கள் முகத்தில் கோபமில்லை, வெறுப்பும் தெரியவில்லை. சீசன் சந்தோஷத்தில் இருந்தார்கள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கோபமாகக் கத்தியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சிரிக்கிறவர்களுக்கு முன்னால் என்ன செய்வது? என் வாயும் கோணிக்கொண்டு சிரிக்கப் பார்த்தது. இப்போதும் என் முகத்தில் அந்தச் சிரிப்பின் இழுப்பை உணர முடிகிறது.

அக்காவுக்குச் சிங்களம் சந்தையில் விலை கேட்கிற அளவுதான். நெவ என்றால் கப்பல் என்று அவளுக்குத் தெரியாது. 'கிஹிங் என்ன' தெரியும். கடையிலிருந்து கிளம்பும்போது கடைக்காரர் மரியாதையாகச் சொல்வது. அவள் முகம் மலர்ந்து போயிருந்தது. பக்கத்தில் நின்ற கிராமத்துக்காரனின் கையைத் தட்டிக் கேட்டாள்.

"தம்பி, என்னாப்பா சொல்றாங்க? எல்லாரும் இப்படிச் சிரிக்கிறாங்க?"

அவன் காது வரை சிவந்து போனான். என்னைப் பார்த்தான். நான் சட்டியைக் கிளறுவது போலக் குனிந்துகொண்டேன்.

"கப்பல் லஸ்ஸனன்னு சொல்றாங்க அக்கா. ரொம்ப அழகாம்," என்றான்.

அவ்வளவுதான். அக்கா இரண்டு கையையும் தூக்கி அசைக்க ஆரம்பித்தாள். "ஏய், கையக் காட்டுங்கடி! நம்ம கப்பல் அழகா இருக்காம்!" என்று தோழிகளிடம் சொன்னாள். எல்லோரும் அசைத்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்து அவர்கள் கையையும் பிடித்து ஆட்டினார்கள். கூட்டத்தின் ஆரவாரம் இரண்டு மடங்கானது. ஒரு அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், நிஜமாகவே யாரையோ வழியனுப்புவது போலக் கையசைத்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தெரு எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் போன யானைக்கு ஏதோ கோளாறு, நின்று நின்று நகர்ந்தது. அது நின்ற இடத்தில் எல்லாம் நாங்களும் நின்றோம். பெட்டிக்காரன் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டிருந்தான். கப்பலின் முனையில் கைகளைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பாமல் நின்றான். தையற்காரன் லொறியிலிருந்து இறங்கி, கழன்று விழுந்த நீலத்துணியைக் கையில் பிடித்தபடி சக்கரத்தோடு சக்கரமாக நடந்தான். நான் இலை போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் புகை நிற்கவில்லை.

கடைவீதித் திருப்பத்தில், ஒரு துணிக்கடைப் படியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வெள்ளை வேட்டி, கோட்டு. எங்கள் ஆட்கள், டவுனில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருவர் தமிழிலேயே கூப்பிட்டார்.

"ராமேஸ்வரம் போய்ச் சேந்ததும் கடதாசி போடுங்க!"

அக்காவின் கை மேலேயே நின்றது. அவளுக்கு அது எட்டி, புரிந்து, உள்ளே இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெதுவாகக் கீழே வந்தது. முதலில் கிராமத்துக்காரனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என்னைப் பார்த்தாள்.   அப்படியே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மகனை மடியில் இழுத்துப் போட்டு, முந்தானையால் அவன் தலையையும் தன் முகத்தில் பாதியையும் மூடிக்கொண்டாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சிரிப்பு உடனே ஓயவில்லை. உட்கார்ந்த பிறகு கப்பல் இன்னும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

மைதானத்தில் பரிசு சொன்னார்கள். எங்கள் கப்பலுக்கு மூன்றாம் பரிசு. ஒலிபெருக்கியில் தோட்டத்தின் பேரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். யாரும் அசையவில்லை. கடைசியில் தையற்காரன்தான் போய் ஒரு சின்னக் கோப்பையை வாங்கி வந்தான். வாங்கியவன் அதை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு பல வருஷம் அவன் கடையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி போட்டு வைக்கும் பாத்திரமாக அது இருந்தது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெண்களும் பிள்ளைகளும் படங்குக்கு அடியில் ஒடுங்கினார்கள். மூட்டையை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்கள் யாரும் தின்னவில்லை. அக்காவின் மகள் என் முழங்காலைப் பிடித்து, "மாமா, நாளைக்கும் கப்பல்ல போவமா?" என்று கேட்டாள். அக்கா அவள் வாயில் ஒரு துண்டு ரொட்டியை வைத்தாள். கிராமத்துக்காரன் தன் ஊருக்குத் திரும்பும் சந்தி வரும் முன்பே லொறியின் பக்கத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லி, மழையிலேயே இறங்கி நடந்தான். போறேன் மச்சான் என்று அவன் சொல்லாமல் போனது அது ஒரு முறைதான்.

வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குத் தலை துவட்டி, அடுப்பை மூட்டிய பிறகுதான் அக்கா பேசினாள். என் பக்கம் திரும்பாமல், அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒனக்கு மொதல்லயே புரிஞ்சிருச்சில்ல?"

"ம்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் உக்காந்திருப்பேன்ல? நின்னு நின்னு கைய ஆட்டுனேனே. மத்தவளுங்களையும் ஆட்டச் சொன்னேனே."

"எப்புடி அக்கா சொல்றது?"

"வாயாலதான். வேற எப்புடிச் சொல்லுவாங்க?"

அத்தான் சுருட்டை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.  அவள் எனக்கும் தட்டில் சோறு போட்டாள். பசி இல்லை. ஆனால் தின்னாமல் எழுந்தால் அதற்கும் அவள் ஏதாவது கேட்பாளே என்று முழுவதையும் தின்றேன்.

மறுநாள் பெரட்டுக்குப் போகும்போது, "அத ஒடச்சிப் போடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சுத்தியலோடு கொட்டிலுக்குப் போனேன். பெட்டிக்காரன் எனக்கு முன்பே வந்து வேலையைத் தொடங்கியிருந்தான். அவன் உடைக்கவில்லை. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தி, ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். மழையில் நனைந்து சுண்ணாம்பு வழிந்து, கப்பல் நோயாளி போல இருந்தது. நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். 

"பெட்டி கெடச்சிருந்தா இப்படி ஆயிருக்காதில்ல?" என்றேன். யாராவது ஒருவர் ஆமாம் என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

அவன் கையிலிருந்த ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தினான். "தெரியல. அப்பவும் நம்ம நாலு பேரு மேல நின்னிருப்போம்ல?"

இன்னொரு ஆணியைப் பிடுங்கிய பிறகு, "கப்பலு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்," என்றான். மெல்லத்தான் சொன்னான். முன்கோபக்காரன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஆற்றுக்கு யாரும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கிராமத்துக்காரன் லயத்துக்கு வந்தான். மூங்கிலை எடுத்துப்போக வந்திருப்பான் என்று நினைத்தேன். வண்டி கொண்டுவரவில்லை. கையில் ஒரு பையில் முட்டைக்கோசும் கரட்டும். வாசலிலேயே நின்றான். அக்கா எப்போதும் போலக் கருப்பட்டித் துண்டோடு பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்காமல், கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகச் சொன்னான்.

"அக்கா, மம பொரு கிவ்வா. அன்னைக்கி நான் பொய் சொன்னது. அவங்க சொன்னது வேற."

"தெரியும்ப்பா."

"வெக்கம் வந்திச்சி. எங்க ஆளுங்க கத்தினது."

"ஒங்க ஆளுங்க மட்டுமா கத்துனாங்க? கடசியில கத்துனவன் யாரு?" அக்கா அவன் எதிரே குந்தினாள். "நீ என்னா பண்ணுவ? எம் மொகத்தப் பாத்துச் சொல்லக் கூசியிருக்கும். நீ வெளியூட்டுப் புள்ள. ஒன்னய நான் ஒன்னும் சொல்லல. இந்தா, ஆறிப்போகுது, குடி."

அவன் குடித்தான். 'வெளியூட்டுப் புள்ள' என்று அவள் சொன்னபோது என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. நான் காம்பராவுக்குள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே குற்றம்தானே. கால் வரவில்லை. அவன் கிண்ணத்தை வைத்துவிட்டு, "மச்சான் இல்லையா?" என்று கேட்டான். அக்கா, "இல்லப்பா, கடைக்கிப் போயிருக்கான்," என்றாள். எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய் ஊர்வலத்தில் கேட்ட சிரிப்பை விடச் சுட்டது.

நாட்கள் போகப் போக நாங்கள் பழையபடி பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். விறகு வண்டி வரும், இறக்குவோம், தையல் கடை வாசலில் நின்று சிரிப்போம். கப்பலைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. அந்தக் கலண்டரைத் தையற்காரன் வருஷம் முடியும் முன்பே கழற்றிவிட்டிருந்தான். லயத்தில் அக்காவின் தோழிகள் கொஞ்ச காலம் என்னிடம் பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கோபமா, அல்லது நானே கூசித் தள்ளி இருந்தேனா என்று சொல்ல முடியவில்லை.

மறு வருஷம் சித்திரையில் சின்னத்துரை ஆள் அனுப்பிக் கேட்டார். எங்களுக்கு நேரமில்லை என்று பெட்டிக்காரன் சொல்லிவிட்டான். தோட்டத்து லொறி முன்பு போலவே தேயிலைச் செடியும் கூடைக்காரியுமாகப் போயிற்று. நான் ஆச்சரியப்பட்டது அக்காவைப் பார்த்துத்தான். ஊர்வலத்தன்று காலையில் பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பொட்டு வைத்து, தானும் அந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"வாறியா?" என்றாள்.

"தல வலிக்குது."

அவள் வற்புறுத்தவில்லை. பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள். பிள்ளைகளின் நாக்கு ஐஸ்பழத்தால் சிவப்பாக இருந்தது. சேலையை மாற்றாமலே அடுப்பு மூட்டிக்கொண்டு, பார்த்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஒரு மயிலு செஞ்சிருந்தாங்க பாரு, தோகைய விரிக்குது, மூடுது, விரிக்குது, மூடுது. உள்ள கவுறு கட்டி இழுக்குறாங்க போல. நீங்க நாலு பேரும் வந்திருந்தா எப்புடின்னு கண்டுபுடிச்சிருப்பீங்க."

"சனங்க யாரும் எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"என்னாத்தச் சொல்லுவாங்க? அவங்க பாட்டுக்கு நின்னு பாத்தாங்க, நாங்களும் பாத்தோம்," என்றாள். பிறகு சோற்றுப் பானையை இறக்கி வைத்துக் கஞ்சியை வடித்தாள்.

அவள் அதைக் கடந்து போயிருந்தாள். அவளோடு அன்று கப்பலில் நின்ற பெண்களும் அந்த வருஷம் போயிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பல வருஷம் ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கல்யாணங்களுக்கு. சித்திரை மாதத்தில் மட்டும் போனதில்லை. யாராவது கூப்பிட்டால் தலைவலி என்றுதான் சொல்வேன்.